பச்சைக் கல்லும் நாலு வேரும்: சீன மருத்துவத்தில் குருதிச்சோகையின் கதை

பழைய சீனாவில் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுகிறவர்கள் ஒரு பச்சைநிறப் பளிங்குக் கல்லைப் பாவித்தார்கள். அதற்கு இரண்டு பெயர் இருந்தது. நிறத்தை வைத்துச் சொன்னால் 'லூஃபான்', அதாவது பச்சைக் காரக்கல். வேலையை வைத்துச் சொன்னால் 'சாவ்ஃபான்', கறுப்பாக்கும் காரக்கல். இன்றைய இரசாயனவியல் இதைப் பெரசு சல்பேற்று என்று சொல்லும். உலகம் முழுக்கக் குருதிச்சோகைக்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்துக் குளிசைகளில் மிகவும் பழகியது இதே சேர்வைதான். எங்கட சித்த வைத்தியத்தில் இதன் பெயர் அன்னபேதி. முந்தி கடுக்காயோடு இதைச் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள்.

இந்தக் கல் சீன மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. உடம்பு மஞ்சளித்து, முகம் ஊதி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஆட்களுக்கு அதைச் சுட்டுத் தூளாக்கிக் குளிசையாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதே மருத்துவ மரபின் வேறொரு பகுதியில் உதடு வெளிறி, தலைசுற்றி, நெஞ்சு படபடக்கும் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறது. அவர்களுக்கு 'இரத்தக் குறைவு' என்று பெயர் வைத்து, நாலு வேர்களைக் கஷாயமாகக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

இன்றைக்குப் பார்த்தால் இந்த இரண்டு கூட்டத்திலும் பலருக்கு இருந்தது ஒரே வருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் பச்சைக் கல் இருந்த பக்கமும் நாலு வேர் இருந்த பக்கமும் பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் சந்திக்கவே இல்லை. ஏன் சந்திக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப் போகிறோம். சீன மருத்துவம் பெரிசா, மேலைத்தேய மருத்துவம் பெரிசா என்ற வழமையான சண்டைக்கு நாங்கள் வரவில்லை. ஒரு வருத்தத்துக்கு வைக்கிற பெயர், யாருக்கு எந்த மருந்து கிடைக்கும் என்பதை எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் எங்கட கேள்வி.

சோற்றிலிருந்து இரத்தம்

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்க வேணும். சீன மருத்துவம் 'ஷுயே' என்று சொல்வதும் நாங்கள் 'இரத்தம்' என்று சொல்வதும் முழுக்க ஒன்றல்ல. வெட்டினால் வருகிற சிவப்புத் திரவம் அதற்குள் அடங்கும். ஆனால் ஷுயே என்பது உடம்பை ஈரமாக வைத்திருப்பது, கண்ணுக்குப் பார்வையும் விரலுக்குப் பிடியும் கொடுப்பது, இரவில் மனசை அடங்கித் தூங்கவைப்பது. அதனால்தான் நித்திரை இல்லாமையும் கைவிறைப்பும் கண்மங்கலும் 'இரத்தக் குறைவு'க்குக் குறிகளாக எழுதப்பட்டன.

இந்த மரபின் அடிப்படை நூல் 'ஹுவாங்தி நெய்சிங்'. கிறிஸ்துவுக்கு முன் கடைசி இரண்டு நூற்றாண்டுகளைச் சுற்றித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படுவது. அதன்படி நாங்கள் சாப்பிடும் சாப்பாட்டின் சாறு உடம்பின் நடுப்பகுதியில் பிரித்தெடுக்கப்பட்டு, மாற்றமடைந்து, சிவப்பாகி இரத்தமாகிறது. பிறகு வந்த வைத்தியர்கள் இதை ஒரு வேலைப் பங்கீடாக விளக்கினார்கள். இரத்தத்தை ஆக்குவது மண்ணீரல், சேமித்து வைப்பது ஈரல், ஓட்டுவது இதயம். இந்த உறுப்புப் பெயர்களையும் அப்படியே உடற்கூற்றுப் புத்தகத்தில் தேடக்கூடாது. சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்றால் வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற உறுப்பு மட்டுமல்ல, செரிமானம் என்ற முழு வேலைக்குமான பெயர்.

இதில் ஒரு நுட்பமான விசயம் இருக்கிறது. இரத்தம் சாப்பாட்டிலிருந்து வருகிறது என்றால், இரத்தம் குறைந்தவர் ஒன்றில் சரியாகச் சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை, அல்லது இரத்தத்தை எங்கேயோ இழந்துகொண்டிருக்கிறார். இன்றைக்கு இரும்புக் குறைபாட்டுச் சோகைக்குக் காரணம் தேடும் மருத்துவரும் கிட்டத்தட்ட இதே மூன்று கேள்வியைத்தான் கேட்பார். ஆனால் பழைய சீன வைத்தியரிடம் அளக்க ஒன்றும் இல்லை. நாக்கு வெளிறியிருக்கிறதா, நாடி நூல் மாதிரி மெலிந்திருக்கிறதா, நகமும் உதடும் என்ன நிறம், மாதவிடாய் எப்படி வருகிறது என்று பார்த்தும் கேட்டும் தொட்டும்தான் முடிவெடுத்தார்.

பெண்ணுக்கு இரத்தமே மூலம்

இனி அந்த நாலு வேருக்கு வருவம். 'சிவு தாங்' என்ற இந்தக் கஷாயத்தின் பெயருக்கு நாலு பொருள் கஷாயம் என்றுதான் அர்த்தம். தாங்குய், வெள்ளைப் பியோனி வேர், சுவான்ஷியோங் கிழங்கு, பதப்படுத்திய திஹுவாங் வேர் ஆகியவைதான் அந்த நாலும். இன்றைக்கும் சீனாவிலும் தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் மாதவிடாய் முடிந்த பெண்பிள்ளைகளுக்குத் தாய்மார் இதைக் கோழியோடு போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது சாதாரணம்.

ஆனால் இது தொடக்கத்தில் பெண்களுக்கான மருந்தே இல்லை. தாங் வம்சக் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், ஒரு துறவியின் பெயரில் வந்த முறிவு வைத்திய நூலில்தான் இது முதலில் தென்படுகிறது. விழுந்து அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டினவர்களுக்குக் கொடுத்தது. அதைப் பெண்களின் மருந்தாக்கியது சோங் வம்சக் காலம். 1076இல் சோங் அரசு தலைநகர் கைஃபெங்கில் அரச மருந்தகம் ஒன்றைத் திறந்தது. அந்த மருந்தகத்தின் சூத்திரத் தொகுப்பு 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கப்பட்டு வெளிவந்தது. அதில் நாலு பொருள் கஷாயம் பெண்களின் மாதவிடாய், கர்ப்பம், பேறுகாலக் கோளாறுகளுக்கு எழுதப்பட்டது. 1237இல் சென் சிமிங் என்ற வைத்தியர் பெண்களுக்கான மருத்துவத்தை ஒரு பெரிய தனி நூலாகத் தொகுத்தார். பெண்ணின் உடம்புக்கு இரத்தமே மூலம் என்ற கருத்து அந்தக் காலத்தில் வேரூன்றிவிட்டது.

இந்தக் கருத்துக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கம், பெண்கள் இரத்தம் இழப்பதை அது கவனத்தில் எடுத்தது. பெண்ணென்றால் அப்படித்தான் என்று தட்டிவிடாமல், ஒவ்வொரு மாதமும் இழப்பதையும் பிள்ளை பெறும்போது இழப்பதையும் கணக்குப் பார்த்து, திருப்பிக் கட்ட வேண்டிய கடனாக அதைப் பார்த்தது. மறுபக்கம், 'இரத்தக் குறைவு' பெண்ணின் இயல்பாகவே ஆகிவிட்டது. ஒரு பெண் வெளிறியிருந்தால் காரணம் அவள் பெண் என்பதிலேயே கிடைத்துவிடும். அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு வேலை செய்தாள் என்று கேட்பதற்கு முதலே விடை தயார்.

கேட்டவர்களும் இருந்தார்கள். வூஷி ஊரைச் சேர்ந்த தான் யுன்ஷியான் என்ற பெண் வைத்தியர் 1461இல் பிறந்தவர். வைத்தியத்தைத் தன் பாட்டியிடம் படித்தார். தான் பார்த்த 31 நோயாளிகளின் விவரத்தை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய நூலாக எழுதினார். அச்சுக்கு அதைப் பிரதி எழுதிக் கொடுத்தது அவருடைய மகன். நோயாளிகள் எல்லாரும் பெண்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படும் விசயங்களை இவரிடம் அவர்கள் சொன்னார்கள். செங்கல்லும் ஓடும் சுடும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கடும் உழைப்புக்கு நடுவில் உதிரப்போக்கு நிற்காமல் போன கதை அதில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் சூளை வேலையும் நோயின் ஒரு பகுதியாகவே வருகிறது. பெண்ணுடம்பு என்ற பொதுப் பெயருக்குப் பின்னால் இருந்த உழைப்பு அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

முற்றுகைக்குள் இருந்த வைத்தியர்

நாலு வேருக்குப் போட்டியாக இன்னொரு கஷாயமும் உண்டு. அதன் கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. 1232இல் மொங்கோலியப் படை கைஃபெங் நகரை முற்றுகையிட்டது. முற்றுகை விலகிய பிறகு நகருக்குள் சனம் கூட்டம் கூட்டமாகச் செத்தது. அப்போது அங்கே இருந்த லி காவ் (1180–1251) என்ற வைத்தியர் அந்தச் சாவுகளைப் பார்த்தார். மற்ற வைத்தியர்கள் இதை வெளியிலிருந்து வந்த குளிர்க்காய்ச்சல் என்று நினைத்து, வியர்க்க வைக்கிற, வயிற்றைக் கழுவுகிற மருந்துகளைக் கொடுத்தார்கள். சனம் இன்னும் செத்தது. லி காவ் சொன்னது வேற. இது பட்டினியும் பயமும் அளவுமீறிய வேலையும் உடம்பை உள்ளிருந்து உடைத்த வருத்தம், இதற்கு வெளியேற்றும் மருந்து கூடாது, ஊட்டும் மருந்துதான் வேணும் என்றார்.

அந்த அனுபவத்தின் அடிப்படையில் அவர் 1247இல் எழுதிய நூலில் 'தாங்குய் இரத்தம் ஊட்டும் கஷாயம்' வருகிறது. அதில் இரண்டே பொருள். ஹுவாங்சி என்ற வேர் ஐந்து பங்கு, தாங்குய் ஒரு பங்கு. இதில் புதிர் என்னவென்றால் இரத்தத்துக்கான மருந்து என்று பெயர்பெற்றது தாங்குய். ஹுவாங்சி 'சி' எனப்படும் உயிர்விசைக்கான மருந்து. இரத்தம் ஊட்டும் கஷாயத்தில் இரத்தத்துக்கான வேர் ஏன் ஆறில் ஒரு பங்கு மட்டும்? பின்வந்த வைத்தியர்கள் தந்த விளக்கம் இதுதான்: இரத்தத்தை உண்டாக்குவது உயிர்விசை, ஆகவே ஆக்கும் சக்தியை முதலில் தூக்கி நிறுத்த வேணும். எங்கட காலத்தில் ஹொங்கொங் ஆய்வுகூடங்களில் இந்த ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கலங்களில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சுவாரசியமான முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஆய்வுகூடக் கலத்தில் நடப்பது ஒரு நோயாளியின் உடம்பில் நடந்ததற்குச் சான்றாகாது.

எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது விகிதம் இல்ல. இந்தக் கஷாயம் பெண் என்ற காரணத்தை வைத்து எழுதப்படவில்லை. பசியும் களைப்பும் உழைப்பும்தான் நோயின் மூலம் என்று லி காவ் எழுதினார். வெளிறிய உடம்பைப் பார்த்து, இந்த ஆள் கடைசியாக எப்ப வயிறாரச் சாப்பிட்டார் என்று கேட்ட மருத்துவம் இது.

மஞ்சள் ஆட்கள்

இப்ப பச்சைக் கல்லுக்குத் திரும்புவம். சீன மருத்துவ நூல்களில் 'ஹுவாங்பாங்' என்று ஒரு வருத்தம் வரும். மஞ்சள் ஊதல் என்று அதைச் சொல்லலாம். கண்வெள்ளை மஞ்சளாகும் செங்கமாரியிலிருந்து இதை வேறாகப் பிரித்தார்கள். தோல் காய்ந்த மண் நிறமாகிவிடும், முகமும் காலும் வீங்கும், வேலை செய்ய ஏலாது. இன்னொரு விசித்திரமான குறியையும் எழுதினார்கள். இந்த ஆட்களுக்குப் பச்சை அரிசி, தேயிலை, மண், கரி எல்லாம் தின்ன ஆசை வரும். இரும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு இப்படிச் சாப்பாடல்லாத பொருட்களில் ஆசை வருவதை இன்றைய மருத்துவமும் நன்றாக அறியும்.

இதற்கு என்ன மருந்து? லி ஷிசென் (1518–1593) தொகுத்த 'பென்சாவ் காங்மு' சீன மருந்துப் பொருட்களின் மாபெரும் களஞ்சியம். 1892 பொருட்கள், 52 பாகங்கள், அவர் இறந்து மூன்று வருசத்துக்குப் பிறகு 1596இல் நாஞ்சிங்கில் முழுமையாக வெளிவந்தது. அதில் பச்சைக் காரக்கல்லைப் பற்றிய பகுதியில் 'மரம் வெட்டும் குளிசை' என்று ஒரு மருந்து வருகிறது. கல்லை வினாகிரியில் ஊறவைத்து, சிவக்கும்வரை நெருப்பில் சுட்டு, சாங்சூ என்ற கிழங்கோடும் மதுவுக்குப் போடும் நொதியோடும் சேர்த்து உருட்டுவது. மண் நிறமாக ஊதிப்போன உடம்புக்கும் வயிற்று வீக்கத்துக்கும் அது என்று எழுதியிருக்கிறது. கடைநிலை வேலையாள் ஒருவருக்குத் தானே இதைக் கொடுத்துப் பார்த்ததாகவும் பலன் கிடைத்ததாகவும் லி ஷிசென் குறித்திருக்கிறார்.

மரம் வெட்டுவதற்கும் சோகைக்கும் என்ன சம்பந்தம்? சீன மருத்துவத்தின் ஐந்து கூறுகளில் ஈரல் மரம், மண்ணீரல் மண். மரம் அளவுக்கு மிஞ்சி வளர்ந்தால் மண்ணின் சாரத்தை உறிஞ்சிவிடும். மரத்தை வெட்டினால் மண் மீளும், மஞ்சள் போகும். ஆக, அந்தக் கல் வேலை செய்ததற்கு இரும்பு காரணம் என்று அவர்கள் நினைக்கவில்லை. இரத்தம் குறைந்ததற்கான மருந்து என்றும் நினைக்கவில்லை. அவர்கள் கணக்கில் அது வயிற்றைக் காயவைத்து, தேங்கினதைக் கரைத்து, மரத்தை அடக்கும் மருந்து. விளக்கம் வேற, ஆனால் குளிசைக்குள் இருந்தது இரும்பு.

இங்கேதான் எங்கட முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. மஞ்சள் ஊதல் மண்ணீரலில் ஈரம் தேங்குவதால் வருகிற வருத்தம். வயலில் நின்று வேலை செய்கிற ஆட்களிடம் அதிகம் காணப்பட்டது. அதற்குத் தேக்கத்தை உடைக்கும் முரட்டு மருந்து. 'இரத்தக் குறைவு' வெறுமையால் வருகிற வருத்தம். பெண்களின் பெயரோடு ஒட்டிப்போனது. அதற்கு ஊட்டும் மென்மையான மருந்து. ஒன்று உடைப்பது, மற்றது நிரப்புவது. முரட்டு மருந்தை ஏற்கெனவே வெறுமையான உடம்புக்குக் கொடுப்பது தப்பு என்பதுதான் அந்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். அந்த அமைப்புக்குள் நின்று பார்த்தால் வைத்தியர் செய்தது முழுக்க நியாயம். ஆனால் அந்த நியாயமே இரும்பை, நீண்டகாலமாக இரத்தம் இழந்துகொண்டிருந்த பெண்களிடமிருந்து தள்ளி வைத்தது.

வேறு இடங்களில் வேறு மாதிரி நடந்தது. ஐரோப்பாவில் வெளிறிப்போன இளம் பெண்களுக்கு 'பச்சை நோய்' என்று ஒரு பெயர் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோமஸ் சிடன்ஹாம் அவர்களுக்கு இரும்பைக் கொடுத்தார். 1830களின் தொடக்கத்தில் பிரான்சின் பியர் புளோ பெரசு சல்பேற்றை வைத்தே குளிசை செய்தார். அவர்களும் இரும்பு எப்படி வேலை செய்கிறது என்று அறிந்து கொடுக்கவில்லை. எங்கட பக்கத்தில் சித்த, ஆயுர்வேத வைத்தியம் இந்த வருத்தத்தைப் 'பாண்டு' என்றது. ஹுவாங் மாதிரியே பாண்டுவும் ஒரு நிறத்தின் பெயர்தான், வெளிறிய மஞ்சள். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் நேரடியாக எழுதப்பட்டன. கல் ஒன்றுதான், சுடுகிற முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வைத்த இடம் வேற.

புழுவைக் கண்ட பிறகு

மஞ்சள் ஊதலுக்குப் பின்னால் இருந்த காரணங்களில் முக்கியமான ஒன்றைக் கண்டுபிடிக்க 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1838இல் மிலான் நகரில் டுபினி என்ற மருத்துவர் ஒரு உடலைப் பரிசோதித்தபோது குடலில் கொளுக்கிப்புழுவைக் கண்டார். 1880இல் சுவிற்சர்லாந்தின் கோத்தார்ட் சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர்கள் வெளிறி விழுந்தபோது அதற்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரியவந்தது. மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவரின் தோல் வழியாக நுழைந்து, குடலில் தங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் குடிக்கும் புழு அது.

சீனாவில் 1920களில் கோர்ட், கிராண்ட், ஸ்டோல் ஆகிய ஆய்வாளர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து 1926இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். பட்டுப்புழுவுக்காக மல்பெரி வளர்க்கும் தோட்டங்களில் தொற்று மோசமாக இருந்தது. மரத்துக்கு மனித மலம்தான் பசளை, ஈரமான நிழல் மண், வெறுங்கால். பட்டுத்துணிக்கும் மஞ்சள் முகத்துக்கும் நடுவில் இருந்த தொடர்பு இதுதான். பழைய நூல்கள் மஞ்சள் ஊதல் என்று எழுதினதெல்லாம் கொளுக்கிப்புழு என்று சொல்ல ஏலாது, மலேரியாவும் ஈரல் வருத்தமும் அதற்குள் கலந்திருக்கும். ஆனாலும் உழைக்கிறவர்களின் வருத்தம், மண்ணோடு சம்பந்தப்பட்டது, இரும்பு கொடுத்தால் தேறுவது என்ற மூன்றும் பொருந்திப் போகின்றன.

இதே கதை எங்கட மலையகத்திலும் நடந்தது. றொக்பெல்லர் மன்றத்தின் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் இரத்தத்தைத்தான் அந்தப் புழு குடித்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் லயத்தில் ஒழுங்கான மலசலகூடமும் காலில் செருப்பும் இல்லாதவரை அது திரும்பத் திரும்ப வந்தது. மருந்து மட்டும் போதாது என்ற பாடத்தைச் சீனத்து மல்பெரித் தோட்டமும் இலங்கைத் தேயிலைத் தோட்டமும் ஒன்றாகத்தான் சொல்லித் தந்தன.

இரண்டு பெயர் ஒன்றான விதம்

நவீன சீன மொழியில் குருதிச்சோகைக்குப் பெயர் 'பின்ஷுயே', வறிய இரத்தம் என்று பொருள். இது நவீன மருத்துவத்தின் சொல். அளவு உண்டு, எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமிலும், கர்ப்பிணிக்கு கிட்டத்தட்ட 11 கிராமிலும், ஆணுக்கு 13 கிராமிலும் குறைந்தால் சோகை. பழைய சொல் 'ஷுயே ஷூ', இரத்தக் குறைவு. இதற்கு நாக்கும் நாடியும்தான் எல்லை.

1949க்குப் பிறகு சீன அரசு பாரம்பரிய மருத்துவத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. 1956இல் பீஜிங், ஷாங்ஹாய், குவாங்சோ, செங்டு ஆகிய நாலு நகரங்களில் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பல நூறு குடும்ப மரபுகளிலும் நூல்களிலும் சிதறிக் கிடந்தவை பாடப்புத்தகங்களாக வகுக்கப்பட்டன. இரத்தக் குறைவுக்கு இன்ன குறிகள், இன்ன கஷாயம் என்று அட்டவணை வந்தது. நல்ல பாடப்புத்தகம் இரண்டும் ஒன்றல்ல என்று தெளிவாகவே சொல்லும். ஈமோகுளோபின் சரியாக இருக்கிற ஒருவருக்கும் இரத்தக் குறைவு என்று சொல்லப்படலாம். ஈமோகுளோபின் 8க்கு இறங்கின ஒருவர் உயிர்விசைக் குறைவு, சிறுநீரகக் குறைவு என்ற வேறு பெட்டிக்குள் போகலாம். ஆனால் கடைத்தெருவுக்கு இந்த நுட்பம் தேவையில்லை. அங்கே இரண்டு சொல்லும் ஒன்றாகிவிட்டது. சோகையா, இரத்தம் ஊட்டும் மருந்தை வாங்கு.

அங்கேதான் ஆபத்து. சிவப்பு இலந்தையும் சர்க்கரையும் நிறத்தால் இரத்தத்தை நினைவூட்டும், ஆனால் இரும்பு அவற்றில் குறைவு. எங்கட வீட்டில் பீற்றூட்டுக்குக் கொடுக்கிற மரியாதையும் இதே கணக்குத்தான். நாலு வேர்க் கஷாயம் ஒரு பெண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அவளுடைய கருப்பையில் கட்டி இருந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தால், காரணம் தெரியாமலே மாதங்கள் போய்விடும். 'பலவீனம்' என்று பெயர் வைத்துவிட்டால் பரிசோதனைக்குப் போகத் தோன்றாது.

கழுதைத் தோலின் விலை

இந்தக் கதை பழைய புத்தகத்தோடு முடியவில்லை. எஜியாவ் என்ற பசை இரத்தம் ஊட்டும் மருந்துகளில் மிகப் பிரபலமானது. ஷான்டோங் மாகாணத்தின் தொங்அ ஊர்தான் அதற்குப் பெயர்போனது. முதலில் மாட்டுத்தோலில்தான் காய்ச்சினார்கள், பிறகு கழுதைத்தோலுக்கு மாறியது. வசதி வந்த நகரத்துப் பெண்களுக்கு இது அழகுப் பொருளாகவும் பரிசுப் பொருளாகவும் விற்கப்பட்டதும் கேள்வி எகிறியது. 2018இல் சீன அரசின் சுகாதாரத் தகவல் சேவையின் சமூக ஊடகக் கணக்கு ஒன்று, இது அவித்த கழுதைத்தோல்தான், பெரிய ஊட்டம் ஒன்றும் இல்லை என்ற கருத்தில் பதிவிட்டது. பெரும் சர்ச்சையாகி, சில நாட்களில் அந்தக் கணக்கே மன்னிப்புக் கேட்டது.

சீனாவில் 1990களின் தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கழுதைகள் இருந்தன. இப்போது 20 இலட்சத்துக்கும் குறைவு. இயந்திரம் வந்ததும் இதற்கு ஒரு காரணம். அங்கே போதாமல் போனதும் தோல் ஆபிரிக்காவிலிருந்து போகத் தொடங்கியது. கென்யா போன்ற நாடுகளில் கிராமத்துப் பெண்களுக்கு தண்ணியும் விறகும் சுமந்து கொடுப்பது கழுதை. அது களவுபோனால் சுமை அவளுடைய தலைக்கு வரும். 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியம் கழுதைத்தோல் வியாபாரத்துக்குக் கண்டம் முழுவதும் 15 வருசத் தடை போடத் தீர்மானித்தது. ஒரு நாட்டுப் பெண்ணின் இரத்தத்தை ஊட்டுவதாகச் சொல்லி விற்கிற பொருள், இன்னொரு நாட்டுப் பெண்ணின் உடம்பை இன்னும் களைக்க வைத்திருக்கிறது. லி காவ் இருந்திருந்தால் எந்தப் பெண்ணுக்கு முதலில் நாடி பிடித்திருப்பார் என்று நாங்கள் யோசிக்கிறோம்.

சரி, இதிலிருந்து எங்களுக்கு என்ன?

பழைய மருத்துவத்துக்கு எல்லாம் முதலே தெரியும் என்று சொல்கிறவர்களுக்குப் பச்சைக் கல்லின் கதை ஒரு பதில். மருந்து கையிலேயே இருந்தும் அது தேவைப்பட்ட பலருக்குப் போய்ச் சேரவில்லை. பழசெல்லாம் மூடநம்பிக்கை என்கிறவர்களுக்கும் அதே கதைதான் பதில். புழுவும் தெரியாமல், இரும்பின் வேலையும் தெரியாமல், நோயாளியைக் கவனித்துக் கவனித்தே சரியான கல்லைப் பிடித்தவர்கள் அவர்கள்.

இன்றைக்கு 15க்கும் 49க்கும் இடைப்பட்ட வயதுப் பெண்களில் உலகளவில் சுமார் 30 சதவீதமானவர்களுக்குக் குருதிச்சோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அளக்கும் கருவி இருக்கிறது, குளிசையும் மலிவு. இருந்தும் இந்த எண்ணிக்கை. அப்படியென்றால் பெயர் வைத்து ஒதுக்கிவிடும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. 'பொம்பிளைப்பிள்ளை எண்டால் கொஞ்சம் வெளிறித்தான் இருப்பாள்' என்கிறோம். 'தோட்டத்து ஆக்கள் அப்படித்தான்' என்கிறோம். வெளிறின முகம் ஒன்றைப் பார்த்தால் நாங்கள் கேட்க வேண்டியது செங்கல் சூளைப் பெண்ணின் கதையில் ஏற்கெனவே இருக்கிற கேள்விதான்: இந்த ஆள் என்ன வேலை செய்கிறார், என்ன சாப்பிடுகிறார், இரத்தம் எங்கே போகிறது? அதற்குப் பிறகு ஒரு இரத்தப் பரிசோதனை.